வெளியே இருந்தபடி உங்கள் நெட்வொர்க் டிரைவைத் திறப்பது எப்படி?

வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரு கம்ப்யூட்டரில் ஃபோல்டர் ஒன்றை ஷேர் செய்து வைத்திருக்கிறீர்கள். அல்லது ரவுட்டருக்குப் பக்கத்தில் கோப்புகளைச் சேமித்து நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் நாஸ் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதே வைஃபையில் இருக்கும்வரை பிரச்சினையே இல்லை. லேப்டாப்பில் இசட் டிரைவைத் திறந்தால் எல்லாக் கோப்புகளும் இருக்கும். வெளியே கிளம்பி வேறொரு இணைப்பில் சேர்ந்ததும் அதே டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கிருந்தாலும் அந்த டிரைவைத் திறக்க என்ன செய்ய வேண்டும் என்பதை, நெட்வொர்க் பற்றி அதிகம் தெரியாதவரும் செய்து முடிக்கும்படி சொல்கிறேன்.

ஒரு வார்த்தை முதலில். அலுவலக நெட்வொர்க் என்றால், அதைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்காமல் இதில் எதையும் செய்யாதீர்கள். வெளியிலிருந்து அந்த நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் விபிஎன் ஒன்று பெரும்பாலும் அவர்களிடமே தயாராக இருக்கும். அதை வாங்கி லேப்டாப்பில் போட்டுக்கொண்டு, நேராக டிரைவை இணைக்கும் பகுதிக்குப் போய்விடலாம்.

445-ஐ மட்டும் திறக்காதீர்கள்

விண்டோஸில் ஃபோல்டரை ஷேர் செய்யும்போது பின்னால் வேலை செய்வது எஸ்எம்பி என்னும் நெறிமுறை. அது 445 என்ற போர்ட்டில், அதாவது வரும் அழைப்புகளுக்கான எண்ணிட்ட ஒரு வாசலில், காத்திருக்கும். “ரவுட்டரில் 445-ஐத் திறந்து அந்தக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடு, வேலை முடிந்தது” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுவதும் பரவியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில்கூட வேலை நின்றுபோனது. அது உள்ளே நுழைந்த வழி எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஒரு ஓட்டை. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. அப்டேட் போடாமல் 445-ஐ இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த கம்ப்யூட்டர்களை அந்தத் தீநிரல் தானாகவே தேடிப் பிடித்தது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. நாஸ் வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற தீநிரல், இணையத்திலிருந்து நேரடியாக எட்டும்படி வைக்கப்பட்டிருந்த க்யூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டியது.

இந்த ஆபத்தை அறிந்துதான் பல இணைய நிறுவனங்கள் 445-ஐத் தங்கள் பக்கத்திலேயே தடுத்து வைத்திருக்கின்றன. ஆக, துணிந்து திறந்தாலும் பல இடங்களில் அது வேலை செய்யாது.

சரி, வேறு வழி? டிரைவை இணையத்துக்குக் கொண்டுவர வேண்டாம். நீங்கள் அந்த நெட்வொர்க்குக்குள் போய்விடுங்கள். அதைச் செய்துகொடுப்பதுதான் விபிஎன். உங்கள் லேப்டாப்பிலிருந்து வீட்டு ரவுட்டர்வரை மிக நீளமான ஒரு லேன் கேபிளை இழுத்துச் செருகியது போல நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பவர் எவரும் அதற்குள் ஓடுவதைப் படிக்க முடியாதபடி எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். இணைந்த பிறகு டிரைவைத் திறப்பது வீட்டில் இருக்கும்போது திறப்பது மாதிரியேதான்.

விபிஎன் போடுவதற்கு முன் மூன்று ஏற்பாடுகள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகத் தோன்றும். போகாதீர்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கே கவனிக்காமல் விட்டதால் வருபவைதான்.

முதலாவது, முகவரி வரிசை. ரவுட்டர்கள் உள்ளே இருக்கும் சாதனங்களுக்குக் கொடுக்கும் ஐபி முகவரிகள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கும். உங்கள் வீட்டிலும் 192.168.1, நீங்கள் தங்கியிருக்கும் விடுதியின் வைஃபையிலும் 192.168.1 என்றால் என்ன ஆகும்? 192.168.1.20-ஐத் திற என்று லேப்டாப்பிடம் சொன்னால், அது விபிஎன் பக்கமே திரும்பாமல் அந்த விடுதி வைஃபையிலேயே 20-ஆம் எண்ணைத் தேடும். விபிஎன் இணைந்திருப்பதாகப் பச்சை விளக்கு எரியும், டிரைவ் மட்டும் கிடைக்காது. பலர் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

தீர்வு எளிது. வீட்டு ரவுட்டரின் லேன் அமைப்புக்குள் போய், யாரும் சாதாரணமாகப் பயன்படுத்தாத ஒரு வரிசைக்கு மாற்றிவிடுங்கள். 10.87.31 என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். இனி வரும் உதாரணங்களில் அதையே பயன்படுத்துகிறேன். தனிப்பட்ட நெட்வொர்க்குகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை மூன்று தொகுதிகள்: 10 என்று தொடங்குபவை எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. இந்த மூன்றுக்குள் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். மாற்றியதும் ரவுட்டர் மறுபடி கிளம்பும், எல்லாச் சாதனங்களும் புது முகவரி வாங்கிக்கொள்ளும். கைப்பட முகவரி கொடுத்து வைத்த பிரிண்டர், கேமரா ஏதாவது இருந்தால் அதை மட்டும் திருத்த வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கோப்புகள் இருக்கும் கம்ப்யூட்டர் அல்லது நாஸின் முகவரி மாறாமல் இருக்க வேண்டும். ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்றோ அட்ரஸ் ரிசர்வேஷன் என்றோ ஒரு பகுதி இருக்கும். அதில் அந்தக் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்து, 10.87.31.20 என்று நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். கூடவே, அது தூங்காமல் இருக்கவும் வழி செய்யுங்கள். விண்டோஸின் பவர் அமைப்பில், மின்சாரத்தில் இருக்கும்போது ஸ்லீப் ஆகும் நேரத்தை ‘நெவர்’ என்று வையுங்கள். திரை அணைந்தால் பரவாயில்லை, கம்ப்யூட்டர் தூங்கக் கூடாது. தூங்கிவிட்ட கம்ப்யூட்டரை வெளியிலிருந்து எழுப்புவது தனி வேலை. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாவது, யூசர் கணக்கு. நீங்கள் தினமும் லாகின் செய்யும் அட்மின் கணக்கை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அந்தக் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள். பாஸ்வேர்ட் இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக உள்ளே விட விண்டோஸ் இயல்பாகவே மறுத்துவிடும். அப்புறம் ஷேர் செய்ய வேண்டிய ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங், பெர்மிஷன்ஸ் என்று வரிசையாகப் போங்கள். அங்கே ‘எவ்ரிஒன்’ என்று ஒன்று இருக்கும். அதை நீக்கிவிட்டுப் புது யூசரைச் சேருங்கள். இதே யூசருக்கு செக்யூரிட்டி என்ற தாவலிலும் அனுமதி இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் வேறு வேறு அனுமதி இருந்தால், எது கறாரானதோ அதுதான் செல்லும். ஒன்றில் முழு அனுமதி கொடுத்துவிட்டு மற்றொன்றில் கொடுக்காமல் விட்டால் கதவு திறக்காது.

பார்ப்பதும் படிப்பதும்தான் தேவை என்றால் ‘ரீட்’ மட்டும் கொடுங்கள். எழுதும் அனுமதியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.

உங்கள் இணைப்புக்கு வெளியிலிருந்து வழி இருக்கிறதா?

எந்த வகை விபிஎன் போடுவது என்பதை இந்தச் சோதனை முடிவு செய்யும். ரவுட்டரின் முகப்புப் பக்கத்தில் வான் ஐபி என்று ஒரு முகவரி காட்டும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரவுசரில், உங்கள் ஐபி முகவரி என்னவென்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது.

இரண்டும் வேறாக இருந்தால், அதுவும் ரவுட்டரில் காட்டும் எண் 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று அர்த்தம். சிஜிநாட் என்பார்கள். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால் வந்த ஏற்பாடு இது. அந்த எண் தொகுதியே 2012-இல் இதற்கென ஒதுக்கப்பட்டதுதான். இப்படிப்பட்ட இணைப்பில் உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வருகிற அழைப்பு அதுவரை வந்து சேராது. ரவுட்டர் காட்டும் எண் 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், முன்னால் இன்னொரு ரவுட்டரும் இருக்கலாம். நிறுவனம் கொடுத்த மோடமே ரவுட்டராகவும் வேலை செய்துகொண்டிருக்கும்.

பொது முகவரி இருந்தால் இரண்டு வழிகளும் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. இல்லையென்றால் முதல் வழிதான்.

முதல் வழி: டெயில்ஸ்கேல் மாதிரியான செயலி

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். டெயில்ஸ்கேல், ஸீரோடியர் போன்றவை ரவுட்டரைத் தொடாமலே வேலை செய்யும். சிஜிநாட் இருந்தாலும் கவலையில்லை. இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே அழைத்து, நடுவில் சந்தித்துக்கொள்ளும் உத்தியை இவை பயன்படுத்துகின்றன. நேராகச் சந்திக்கவே முடியாத இடங்களில் டெயில்ஸ்கேல் தன் இடைநிலை சர்வர் வழியாக அனுப்பும். அப்போது வேகம் குறையலாம். ஆனால் குறியாக்கம் உங்கள் இரண்டு சாதனங்களுக்கு இடையில்தான் நடக்கிறது, நடுவில் இருக்கும் சர்வரால் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கோப்புகள் இருக்கும் கம்ப்யூட்டரில் டெயில்ஸ்கேலை நிறுவி, உங்கள் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே நுழையுங்கள். லேப்டாப்பிலும் நிறுவி, அதே கணக்கால் நுழையுங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். கோப்புகள் இருக்கும் கம்ப்யூட்டரின் அந்த முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு டிரைவை இணைக்கும்போது அதைத்தான் கொடுக்கப்போகிறோம். சினாலஜி, க்யூநாப் நாஸ்களிலும் இதை நிறுவலாம். எதையும் நிறுவவே முடியாத பழைய சாதனம் என்றால், பக்கத்தில் ஓடும் வேறொரு கம்ப்யூட்டரை ‘சப்நெட் ரவுட்டர்’ ஆக அமைத்து, அதன் வழியாகப் போகலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு சாதனத்தின் சாவியும் இயல்பாக 180 நாட்களில் காலாவதி ஆகும். லேப்டாப் என்றால் மறுபடி லாகின் செய்தால் முடிந்தது. வீட்டில் ஆளில்லாமல் ஓடும் கம்ப்யூட்டரின் சாவி, நீங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் காலாவதி ஆனால்? அட்மின் பக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் காலாவதியை நிறுத்தி வையுங்கள். கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கு இப்போது உங்கள் வீட்டுச் சாவியாகவும் ஆகிவிட்டதால், அதில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் இருக்கட்டும்.

இரண்டாவது வழி: ரவுட்டரிலேயே வயர்கார்டு

மூன்றாவது ஒருவரின் சேவை இடையில் வேண்டாம், எல்லாம் என் கையில் இருக்கட்டும் என்பவர்களுக்கு இது. பல புதிய ரவுட்டர்களில் விபிஎன் சர்வர் என்ற பகுதி இருக்கிறது. அதில் வயர்கார்டு இருந்தால் அதையே எடுங்கள். 2020-இல் லினக்ஸ் கர்னலின் 5.6 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்ட நெறிமுறை அது. அளவில் சிறியது, வேகமானது. இல்லையென்றால் ஓபன்விபிஎன். அதுவும் நல்லதே, அமைப்பதில்தான் கொஞ்சம் கூடுதல் வேலை. பிபிடிபி என்று ஒரு பழைய வகையும் பட்டியலில் தெரியலாம். அதன் பாதுகாப்பு எப்போதோ உடைந்துவிட்டது, தொடாதீர்கள்.

வயர்கார்டுக்கு இயல்பான போர்ட் யுடிபி 51820. ரவுட்டரே சர்வர் என்றால் அந்தப் போர்ட்டை அதுவே திறந்துகொள்ளும். இங்கேயும் ஒரு போர்ட்டைத் திறக்கத்தானே செய்கிறோம், 445-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 445-ஐ யார் தட்டினாலும் “யார் நீ?” என்று எஸ்எம்பி பேச ஆரம்பித்துவிடும், அந்தப் பேச்சில்தான் ஓட்டைகளைத் தேடுவார்கள். வயர்கார்டு சரியான சாவி இல்லாத எவருக்கும் பதிலே சொல்லாது. போர்ட்டுகளை வரிசையாகத் தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

ரவுட்டரில் புதிய ‘பியர்’ ஒன்றை, அதாவது விபிஎன்னில் இணையும் ஒரு சாதனத்துக்கான பதிவை, சேர்த்தால், லேப்டாப்புக்கான அமைப்புக் கோப்பு ஒன்றையோ க்யூஆர் குறியையோ கொடுக்கும். வயர்கார்டு செயலியில் அதை ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகு இரண்டு வரிகளைக் கவனியுங்கள். ‘எண்ட்பாயிண்ட்’ என்ற வரியில் உங்கள் பொது முகவரி இருக்கும். அது அடிக்கடி மாறும் இணைப்பு என்றால், மாறும் முகவரிக்கு மாறாத ஒரு பெயரைக் கொடுக்கும் டைனமிக் டிஎன்எஸ் வசதியை ரவுட்டரில் இயக்கி, எண்ணுக்குப் பதிலாக அது கொடுக்கும் பெயரைப் போடுங்கள். ‘அலவ்டு ஐபிஸ்’ என்ற வரியில் 0.0.0.0/0 என்று இருந்தால் லேப்டாப்பின் மொத்த இணையப் போக்குவரத்தும் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகும். டிரைவ் மட்டும் போதும் என்றால் 10.87.31.0/24 (10.87.31 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும் என்று அர்த்தம்) என்று மாற்றி, கூடவே விபிஎன்னுக்கு ரவுட்டர் ஒதுக்கியிருக்கும் வரிசையையும் காற்புள்ளி போட்டுச் சேருங்கள்.

ஒரு சாதனத்துக்கு ஒரு பியர். ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே கோப்பைப் போட்டால் இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று துண்டித்துக்கொள்ளும்.

விண்டோஸ் ஃபயர்வாலின் குறுகிய எல்லை

விபிஎன் இணைந்துவிட்டது, ரவுட்டரின் பக்கம் திறக்கிறது, ஷேர் மட்டும் திறக்கவில்லை. இப்படி ஒரு நிலை வந்தால் நேராக இங்கே வந்து பாருங்கள். குறிப்பாக இரண்டாவது வழியில் போனவர்கள்.

ஃபயர்வால் என்பது வெளியிலிருந்து வரும் அழைப்புகளில் எதை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் காவல்காரர். ஃபைல் ஷேரிங்குக்கான அதன் விதி, அதே நெட்வொர்க் வரிசையில் இருப்பவர்களை மட்டுமே உள்ளே விடும்படி அமைந்திருப்பது வழக்கம். நீங்கள் விபிஎன் வழியாக வேறொரு வரிசையிலிருந்து, 10.6.0 என்று வைத்துக்கொள்வோம், வருகிறீர்கள். ஃபயர்வாலுக்கு நீங்கள் அந்நியர்.

கோப்புகள் இருக்கும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறங்கள். இடது பக்கம் ‘இன்பவுண்ட் ரூல்ஸ்’. நீளமான பட்டியல் வரும். அதில் ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ என்று தொடங்கி ‘எஸ்எம்பி-இன்’ என்று முடியும் வரிகளைத் தேடுங்கள். ப்ரொஃபைல் பத்தியில் ‘பிரைவேட்’ என்று இருப்பதை இரட்டைக் கிளிக் செய்து, ‘ஸ்கோப்’ தாவலுக்குப் போங்கள். கீழ்ப் பாதியில் ‘ரிமோட் ஐபி அட்ரஸ்’ என்ற கட்டத்தில் ‘லோக்கல் சப்நெட்’ என்று ஒரே ஒரு வரி இருக்கும். ‘ஆட்’ அழுத்தி, விபிஎன் வரிசையை 10.6.0.0/24 என்று சேர்த்து ஓகே கொடுங்கள். சோம்பல்பட்டு ‘எனி ஐபி அட்ரஸ்’ என்று மாற்றிவிடாதீர்கள், ஃபயர்வாலையே அணைத்தும் விடாதீர்கள். சேர்க்க வேண்டியது அந்த ஒரு வரிதான்.

அதே கம்ப்யூட்டரின் நெட்வொர்க் ப்ரொஃபைல் ‘பப்ளிக்’ என்று இருந்தாலும் இந்த விதி செயல்படாது. நெட்வொர்க் அமைப்பில் ‘பிரைவேட்’ என்று மாற்றிவையுங்கள்.

டிரைவை இணைப்பது

சோதனையை வீட்டு வைஃபையில் இருந்தபடி செய்யாதீர்கள். அங்கே விபிஎன் இல்லாமலேயே எல்லாம் திறக்கும், எதுவும் தெரியவராது. ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, விபிஎன்னை இயக்கிக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, ‘திஸ் பிசி’ பக்கத்தில் மூன்று புள்ளி மெனுவில் ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிரைவ் எழுத்து இசட். ஃபோல்டர் என்ற இடத்தில் முகவரியையும் ஷேரின் பெயரையும் (ஷேரின் பெயர் ‘கணக்கு’ என்று வைத்துக்கொள்வோம்) இப்படிக் கொடுக்க வேண்டும்:

\\10.87.31.20\கணக்கு

டெயில்ஸ்கேல் என்றால் எண்ணின் இடத்தில் அது கொடுத்த 100-இல் தொடங்கும் முகவரி. ‘கனெக்ட் யூசிங் டிஃபரெண்ட் கிரெடென்ஷியல்ஸ்’ என்ற கட்டத்தை டிக் செய்து, முன்பு உருவாக்கிய தனி யூசரின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். யூசர் பெயருக்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டரின் பெயரையும் ஒரு பின்சாய்கோட்டையும் சேர்த்தால் குழப்பம் வராது. லேப்டாப்பைத் திறக்கப் பயன்படுத்தும் பின் எண் இங்கே செல்லாது. அது அந்த ஒரு கருவிக்கு மட்டுமே உரியது.

எக்ஸ்ப்ளோரரின் ‘நெட்வொர்க்’ பகுதியில் உங்கள் கம்ப்யூட்டரின் பெயர் தெரியவில்லையே என்று பதற வேண்டாம். அந்தப் பட்டியல், ஒரே நெட்வொர்க்குக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி கூவி அழைக்கும் முறையில் உருவாவது. அந்தக் கூவல் விபிஎன்னைத் தாண்டி வராது. எண்ணைக் கொண்டு நேராகப் போனால் போதும்.

மேக்கில் ஃபைண்டரின் ‘கோ’ மெனுவில் ‘கனெக்ட் டு சர்வர்’. எஸ்எம்பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்கோடு, அதன்பின் முகவரி. ஐஃபோனின் ‘ஃபைல்ஸ்’ செயலியிலும் மூன்று புள்ளி மெனுவில் இதே ‘கனெக்ட் டு சர்வர்’ இருக்கிறது. ஆண்ட்ராய்டில் எஸ்எம்பி தெரிந்த ஃபைல் மேனேஜர் ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டும்.

திறக்கவில்லை என்றால்

எங்கே அடைத்திருக்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பாருங்கள். விபிஎன் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா? வயர்கார்டு செயலியில் ‘லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்’ என்ற வரி சில நொடிகளுக்கு முன் என்று காட்ட வேண்டும். அந்த வரியே இல்லையென்றால் சாவியோ முகவரியோ போர்ட்டோ தவறு. அடுத்து, பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளைக்கு அந்த 10.87.31.20-ஐயும் போர்ட் 445-ஐயும் கொடுத்துப் பாருங்கள். கடைசி வரியில் ‘ட்ரூ’ என்று வந்தால் பாதை சரி, பிரச்சினை பெயரிலோ பாஸ்வேர்டிலோ அனுமதியிலோ இருக்கிறது. ‘ஃபால்ஸ்’ என்றால் ஃபயர்வாலையும் முகவரி வரிசை மோதலையும் பாருங்கள்.

கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் கட்டளை மூலம் இணைத்தால், விண்டோஸ் எண்ணோடு பிழையைச் சொல்லும். அந்த எண் மிகவும் உதவும். 53 என்றால் அந்தக் கம்ப்யூட்டரையே எட்ட முடியவில்லை. 67 என்றால் பெரும்பாலும் ஷேரின் பெயரில் எழுத்துப் பிழை. 86 அல்லது 1326 என்றால் யூசர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 5 என்றால் உள்ளே விட்டுவிட்டது, ஃபோல்டருக்கு அனுமதி இல்லை. ஷேரிங், செக்யூரிட்டி என்ற அந்த இரண்டு தாவல்களுக்கும் மறுபடி போங்கள். 1219 என்பது குழப்பும் பிழை. அதே கம்ப்யூட்டரோடு வேறொரு யூசர் பெயரில் ஏற்கெனவே இணைந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்திருக்கும் பழைய பாஸ்வேர்டையும் நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள்.

பழைய நாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எஸ்எம்பி முதல் பதிப்பு மட்டுமே தெரிந்த பெட்டி என்றால் இன்றைய விண்டோஸ் அதோடு பேசாது. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் நுழைவையும் கையொப்பமிடாத இணைப்பையும் ப்ரோ பதிப்பு இயல்பாக மறுக்கிறது. லேப்டாப்பின் பாதுகாப்பைத் தளர்த்துவதைவிட நாஸை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை அப்டேட் செய்வதுதான் சரி.

வேகம் ஏன் இப்படி இருக்கிறது?

வெளியிலிருந்து நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு கோப்பும் வீட்டு இணைப்புக்கு அப்லோட். 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்று வாங்கியிருந்தாலும் அப்லோட் 10 எம்பிபிஎஸ்தான் என்றால், ஒரு நொடிக்கு அதிகபட்சம் 1.25 எம்பி (எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்). ஒரு ஜிபி கோப்பு வந்து சேர 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். விபிஎன்னை எவ்வளவு மாற்றிப் பார்த்தாலும் இது மாறாது.

இதைவிடப் படுத்துவது தாமதம். ஒரு கோப்பைத் திறந்து, படித்து, மூட எஸ்எம்பி பலமுறை கேட்டுப் பதில் வாங்கும். வீட்டுக்குள் ஒரு முறை போய்வர ஒரு மில்லிசெகண்ட்கூட ஆகாது. வெளியிலிருந்து 60 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்புக்குப் பத்து முறை என்றால் 0.6 நொடி, ஆயிரம் சின்னக் கோப்புகளுக்குப் பத்து நிமிடம். எல்லாம் சேர்த்து இரண்டு எம்பிகூட இருக்காது, ஆனாலும் இவ்வளவு நேரம். நிறையச் சின்னக் கோப்புகள் வேண்டும் என்றால் வீட்டில் இருக்கும்போதே ஜிப் செய்து வைத்துவிடுங்கள். படங்கள் நிறைந்த ஃபோல்டரில் தம்ப்நெயில் காட்சியை விட்டு ‘டீடெயில்ஸ்’ காட்சிக்கு மாறுங்கள். இல்லையென்றால் சின்னப் படம் காட்டுவதற்காக ஒவ்வொரு கோப்பையும் இழுத்துக்கொண்டிருக்கும்.

பெரிய எக்செல் கோப்பை நேராக இசட் டிரைவிலேயே வைத்துத் திருத்துவதைவிட, லேப்டாப்புக்கு நகல் எடுத்து, வேலையை முடித்து, திரும்ப வைப்பது பாதுகாப்பானது. நடுவில் வேறொருவர் அதே கோப்பைத் திருத்தவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் அக்சஸ் மாதிரி ஒரே கோப்பில் தரவுத்தளத்தை வைத்திருக்கும் மென்பொருள்களை இந்த வழியில் திறக்கவே வேண்டாம். எழுதும் நொடியில் இணைப்பு அறுந்தால் கோப்பு சிதைந்துபோகும். அங்கே சரியான வழி ரிமோட் டெஸ்க்டாப்: தரவு வீட்டிலேயே இருக்கும், திரை மட்டும் உங்களிடம் வரும். அதையும் இதே விபிஎன்னுக்குள்தான் பயன்படுத்த வேண்டும். அதன் 3389 போர்ட்டும் 445 அளவுக்கு வேட்டையாடப்படுவது. வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்தால் மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்காது, ப்ரோ வேண்டும். பலர் ஒரே ஆவணங்களைப் பகிர்ந்து திருத்துவதுதான் தேவை என்றால் ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட், சின்க்திங் மாதிரியானவை இதைவிடப் பொருத்தம். இணைப்பு இல்லாத நேரத்திலும் கையில் நகல் இருக்கும்.

ஓட ஆரம்பித்த பிறகு

லேப்டாப்போ ஃபோனோ தொலைந்தால் அன்றே ரவுட்டரில் அந்தப் பியரை நீக்குங்கள், டெயில்ஸ்கேல் என்றால் அட்மின் பக்கத்தில் அந்தச் சாதனத்தை நீக்குங்கள். ஷேருக்கான பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், அது தொலைந்த கருவியில் சேமிக்கப்பட்டிருக்கும். சாதனத்துக்கு ஒரு பியர் என்று பிரித்து வைத்திருந்தால் மற்றவை பாதிக்கப்படாமல் ஓடும். ரவுட்டர், நாஸ், விண்டோஸ் மூன்றின் அப்டேட்களையும் தள்ளிப்போடாதீர்கள்.

விபிஎன் அந்நியர்களைத்தான் தடுக்கும். உங்கள் லேப்டாப்பிலேயே தீநிரல் ஏறிவிட்டால், திறந்திருக்கும் இசட் டிரைவ் அதற்கும் ஒரு சாதாரண டிரைவ்தான். எழுதும் அனுமதி உள்ள ஃபோல்டர்களை எல்லாம் பூட்டிவிடும். கோப்புகளின் பழைய நிலையை அப்படியே பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி நாஸில் இருந்தால் இயக்குங்கள். அதோடு, வாரம் ஒருமுறையாவது வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுத்துக் கழற்றி வையுங்கள். எடுத்த பேக்கப்பிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளை வேறொரு ஃபோல்டருக்கு மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.